மூன்று நாள் மூக்குத்தி

மேற்கு மலையோரம் ஆனைப்பாலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் தங்கத்தை நினைத்த நேரத்தில் வாங்குவார்கள், வெள்ளியைப் போகிற போக்கில் வாங்குவார்கள், ஆனால் வைரத்தை மட்டும் மூன்று நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் ராசி பார்த்த பிறகுதான் வாங்குவார்கள். கல்லை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டு, வீட்டில் உள்ள அத்தனை பேரும் மூன்று நாளும் அதையே நோட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பால் பொங்கினால் கல்லால்தான். மகனுக்கு வேலை கிடைத்தால் கல்லால்தான். மாமியாருக்கு வயிற்றைக் கலக்கினாலும் கல்லால்தான், முந்தின நாள் அவர் தின்ற பதினேழு பலாச்சுளையை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார்கள்.

கீழ ரத வீதியில் இருக்கிற நவமணி நகை மாளிகையில், எழுபது வருஷத்துக்கு முன்னால் கடையைத் தொடங்கிய பெரிய முதலாளி தன் கையாலேயே எழுதி மாட்டிய பலகை ஒன்று இன்னும் தொங்குகிறது. 'வைரம் ராசி பார்த்து வாங்குக. யாராக இருந்தாலும் மூன்று நாள்.' இந்தப் பலகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் கடைக்கு வடக்கேயிருந்து ஒரு பொட்டலத்தில் நாற்பது கல் வந்தது. நாற்பதையும் ஒற்றைக்கல் மூக்குத்தியாகக் கட்டி வைத்தார்கள். முதல் மூக்குத்தியை வாங்கியவள் அரிசி ஆலைக்காரர் வீட்டுச் செண்பகவல்லி. அன்று மத்தியானம் புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு, 'இருபத்திரண்டு வருஷமா ஒண்ணு சொல்லணும்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்' என்று அவள் ஆரம்பித்தாள். ஆலைக்காரர் வழக்கம்போல 'அப்புறம் பாக்கலாம்' என்று சொல்ல வாயெடுத்தார், வாய் வரவில்லை. எழுந்து கை கழுவப் போகலாம் என்று பார்த்தார், கால் வரவில்லை. பிசைந்த சோற்றுருண்டை வாய்க்கும் இலைக்கும் நடுவில் நிற்க, அவள் சொல்லி முடிக்கிறவரை, சரியாக நாற்பது நிமிஷம், அந்த மனுஷன் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் கையும் காலும் திரும்ப வந்துவிட்டன. அவர் ஒத்துக்கொண்டாரா என்றால், இல்லை, பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கேட்டார். மூக்குத்தியின் வேலை அவ்வளவுதான், கேட்க வைக்கும்.

ஒரே வாரத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. எப்படி, ஏன் என்று ஆனைப்பாலத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை, எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். கடை வாசலில் செருப்பு விட இடமில்லாமல் போனது. அப்போதுதான் பெரிய முதலாளியின் பேரன் சிதம்பரநாதன், பட்டணத்தில் வியாபாரம் படித்துவிட்டு வந்த பிள்ளை, புதுச் சட்டம் ஒன்று போட்டார். கேட்கிறவர்களுக்கெல்லாம் மூக்குத்தி கிடையாது, இந்தக் கடையில் தலைமுறை தலைமுறையாக வாங்கிய வரலாறு உள்ளவர்களுக்கு மட்டுந்தான்.

வரலாற்றைச் சொல்ல ஆவுடையப்பன் அண்ணாச்சி இருந்தார். கம்ப்யூட்டர் வந்து பதினைந்து வருஷம் ஆகியும் அந்தக் கடையின் வரலாறு அவர் நாக்கில்தான் இருந்தது. யாராவது வாசற்படி ஏறினால் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து, கோயிலில் கட்டியம் சொல்கிற மாதிரி ராகம் போட்டுத் தொடங்கிவிடுவார். 'வாங்க, வடக்குமாட வீதி வெள்ளைச்சாமி மகள் வயிற்றுப் பேத்தி, உங்க ஆச்சி கல்யாணத்துக்கு அட்டிகை, அம்மா காதுகுத்துக்கு ஏழு கல் தோடு, நீங்க பொறந்தப்போ வெள்ளிச் சங்கு, மூணாம் வருஷம் தொலைஞ்சுபோன கொலுசுக்குப் பதிலா மறுகொலுசு, உக்காருங்க, என்ன பாக்கிறிய?' என்பார். தன் வரலாற்றை அவர் வாயால் கேட்பதற்காகவே ஒரு தோட்டுத் திருகாணி வாங்க வருகிறவர்கள் உண்டு.

வரலாறு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள், செய்துகொள்ளத் தொடங்கினார்கள். மெயின் ரோட்டு இரும்புக் கடைக்காரர் ஒரே மாசத்தில் பதின்மூன்று வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கினார், அவர் வீட்டில் உட்கார இடமில்லாமல் விருந்தாளிகள் விளக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டே காப்பி குடித்தார்கள். பிறக்காத பிள்ளைக்கு அரைஞாண், பிறந்த கன்றுக்குட்டிக்குச் சலங்கை, கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்ட தங்கைக்கு மெட்டி என்று ஊரே வாங்கித் தள்ளியது. பெண் கேட்டுப் போகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால், 'நவமணியில உங்களுக்கு எத்தனை தலைமுறை?' என்று கேட்டார்கள். மூக்குத்தி போட்டுக்கொண்டவர்கள் பாடு இன்னொரு கூத்து. தை மாசக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையின் தாயாரும் பெண்ணின் தாயாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிக்க, இருவர் மூக்கிலும் மூக்குத்தி இருக்க, ஒருத்தியை ஒருத்தி நிறுத்த முடியாமல், பந்திக்கு வந்த நானூறு பேரும் இலைக்கு முன்னால் சாயங்காலம் நாலு மணி வரை கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாயசம் கெட்டுப்போனது. அதற்காக யாரும் மூக்குத்தியைக் குறை சொல்லவில்லை, இனிமேல் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு மூக்குத்திதான் என்று பேசி முடிவு செய்துகொண்டார்கள்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இந்த மூக்குத்தி வந்த பிறகும் ஏறவில்லை, ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த சொல்தான் இன்னும் இரண்டு படி மேலே போனது. இந்த அநியாயத்தைச் சொல்ல எனக்கு மூக்குத்தி தேவையில்லை.

இப்போது முப்பிடாதிக்கு வருவோம். ஊருக்குத் தெற்கே கல்லுக்கட்டித் தெருவில் பத்தே பத்து வீடு, அதில் நாலாவது வீடு அவளுடையது. பீடி சுற்றுகிறவள். நாற்பத்திரண்டு வயசு. மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இலையும் தூளும் நூலும் தானாக ஒன்றுசேரும், கண் வேறு எங்கோ இருக்கும். புருஷன் கொம்பையா கல்யாண வீடுகளில் அடுப்பு வேலை பார்க்கிறவன். அந்தப் பத்து வீட்டுச் சுவரிலும் ஒருநாள் சிவப்பு மையில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். வாய்க்கால் புறம்போக்கில் கட்டிய வீடுகள், ஐப்பசி பிறப்புக்குள் இடித்துவிடுவோம் என்று நோட்டீசும் வந்தது. வீட்டை இடித்தால் போவதற்கு அவர்களுக்கு வேறு இடம் கிடையாது, இதை ஜோடித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

முப்பிடாதியிடம் பதில் இருந்தது, நல்ல பதில். ஆனால் அது பதினோரு வாக்கியம். திங்கட்கிழமை தோறும் ஆர்.டி.ஓ. ஆபீசில் மனு வாங்குகிற அதிகாரி கெட்டவர் இல்லை, மத்தியானத்துக்குள் இருநூறு பேரைப் பார்க்க வேண்டியவர், ஆளுக்கு மூன்று வாக்கியம், நல்ல நாளாக இருந்தால் நாலு. முப்பிடாதியின் மூன்றாவது வாக்கியம், 'எங்க வீட்டுக்கடியில இப்போ வாய்க்கால் இல்லய்யா' என்பது. நாலாவது, 'முன்னால இருந்தது நெசம்' என்பது. அங்கே நிறுத்திவிட்டால் தோற்றுப்போகிற வழக்கு அது, ஒவ்வொரு தடவையும் அங்கேதான் நிறுத்தினார்கள். 'நீங்களே ஒத்துக்கிடுதீங்களேம்மா, மனுவைக் குடுத்துட்டுப் போங்க, அடுத்து' என்பார் அதிகாரி. நாலு திங்கட்கிழமை போனாள். மனு எழுதித் தருகிறவர் அச்சடித்த தாளில் இருக்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரி மூன்று வரிதான் எழுதினார். சாட்சியைச் செல்போனில் படம் பிடித்து மனுவில் ஒட்டினாள், மனுவைப் படித்தால்தானே படத்தைப் பார்ப்பதற்கு. எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. இடிக்கிற வண்டி வருகிற வியாழக்கிழமை வரும் என்று சேதியும் வந்துவிட்டது.

அந்த வியாழனுக்கு முந்தின வியாழன் காலையில், முப்பிடாதி துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு நவமணியின் படி ஏறினாள். ஆவுடையப்பன் அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்தார். மறுபடியும் மூடினார்.

'எந்தத் தெரும்மா?'

'கல்லுக்கட்டித் தெரு அண்ணாச்சி. கொம்பையா வீடு.'

அவர் மூளையின் எல்லா அறைகளுக்கும் போய்த் தேடிப் பார்த்தார். ஒரு மெட்டி இல்லை, ஒரு காதுகுத்துக் கம்பி இல்லை, ஒரு திருகாணி இல்லை. அந்தத் தெருவிலிருந்தே எழுபது வருஷமாக ஓர் ஆள் அந்தப் படி ஏறியதில்லை. ஒரு மனுஷியைப் பற்றிச் சொல்லத் தன் நாக்கில் ஒரு சொல்கூட இல்லை என்பது அவருக்குச் சோற்றில் கல் கடித்தது போல இருந்தது.

சிதம்பரநாதன் முதலாளி கல்லாவிலிருந்தே சொன்னார். 'வரலாறு இல்லாதவங்களுக்கு அது குடுக்கிறதில்லம்மா. இப்போ ஒரு கொலுசு வாங்குங்க, அடுத்த வருஷம் ஒரு மோதிரம் வாங்குங்க. இப்படியே போனா உங்க பேத்தி காலத்துல பாக்கலாம்.'

'நான் வெலைக்குக் கேக்கல முதலாளி,' என்றாள் முப்பிடாதி. 'ராசி பாக்கக் கேக்குதேன்.'

கையை நீட்டிப் பலகையைக் காட்டினாள். கடையில் இருந்த எல்லாரும் எழுபது வருஷமாகத் தொங்கிய பலகையை அன்றுதான் படித்தார்கள். யாராக இருந்தாலும் மூன்று நாள். விற்பதற்குத்தான் சட்டம் போட்டிருந்தாரே தவிர, ராசி பார்ப்பதற்கு சிதம்பரநாதன் சட்டம் போடவில்லை. தாத்தா கையெழுத்தைக் கழற்றிக் கீழே போடவும் அவருக்குத் துணிச்சல் இல்லை, அந்தக் கையெழுத்துக்குத்தான் அவர் தினமும் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

'குடுக்கலாம். யாரு பொறுப்பு?' என்று கேட்டார். யாரும் பேச மாட்டார்கள் என்று நினைத்துத்தான் கேட்டார்.

'நான்' என்றார் ஆவுடையப்பன். சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று அவரே ஒரு தடவை பக்கத்தில் பார்த்துக்கொண்டார்.

முப்பிடாதி திங்கட்கிழமை வரைக்கும் கேட்டாள், மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான் என்றார் முதலாளி. அப்படியானால் சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள், வெள்ளி, சனி, ஞாயிறில் வைரம் விலைக்கு இல்லாமல் சும்மா வாசல் தாண்டாது என்றார். 'இன்னைக்கு வாங்கிட்டுப் போங்க. சனிக்கிழமை விளக்கு வைக்கிறதுக்குள்ள இங்க இருக்கணும். மூக்குல போடக்கூடாது, முந்தானையில முடிஞ்சுதான் வச்சுக்கிடணும். வரலேன்னா அண்ணாச்சி ஞாயித்துக்கிழமையிலருந்து வீட்டோட இருந்துக்கிட வேண்டியதுதான்.'

சரி, வெள்ளிக்கிழமையும் ஆபீஸ் உண்டே என்று நினைத்துக்கொண்டு அவள் வாங்கி முடிந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போனதும், முடிச்சில் இருந்தாலும் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கொம்பையாவிடம் ஆரம்பித்தாள். பத்தொன்பது வருஷமாக அவள் எதைச் சொன்னாலும் இரண்டாவது வாக்கியத்தில் 'தெரியும், தெரியும்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவன் அவன். அன்றைக்குத் துண்டு கையோடு நின்றது. பதினோரு வாக்கியத்தையும் கேட்டான். கேட்டு முடித்து, வாய் திரும்பி வந்ததும் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

'இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?'

'உங்க அப்பா. சாகக் கிடக்கையில நான்தான பக்கத்துல இருந்தேன்.'

'எங்கிட்ட அவரு சொல்லலையே.'

'சொல்லியிருப்பாவ. நீங்க துண்டை உதறியிருப்பிய.'

கொம்பையாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது, வெட்கத்தில் அவனே அடுப்பு மூட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனால் அதிகாரி மலைமேல் கிராமங்களுக்குக் கேம்ப் போயிருந்தார், இனித் திங்கட்கிழமைதான் என்றார்கள். முப்பிடாதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதற்கு வந்தாய் என்று காவலாளி கேட்டார், அவள் சொன்னாள், அவர் கேட்டைத் திறக்கவும் மூடவும் முடியாமல் பதினோரு வாக்கியத்தையும் கேட்டார். ஆபீஸ் வாசல் டீக்கடையில் நாலு பேர் கேட்டார்கள், டீ ஆறிப்போனது. மனு எழுதுகிறவர் பேனாவை மூடாமல் கேட்டு மை காய்ந்துபோனது. திரும்பி வருகையில் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி 'ஏன் எக்கா அழுதிய?' என்று கேட்கப் போய், பஸ் முழுக்கக் கேட்டது, கண்டக்டர் விசில் ஊதாமல் கேட்டார், இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கியவர்கள் ஒருத்தரும் சண்டை போடவில்லை. ஊரில் அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள், கேட்க வேண்டிய ஒருத்தரைத் தவிர.

சனிக்கிழமை காலையில் தெருவே அவள் வீட்டில் கூடியது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் முடிச்சைத் தன் கையில் ஒரு நிமிஷம் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள், தனக்கும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசை. கையில் வாங்கினாள், என்ன பேசுவது என்று தெரியவில்லை, பழக்கம் இருந்தால்தானே. நாக்கு நுனியில் இருந்ததைச் சொன்னாள், அது முப்பிடாதியின் பதினோரு வாக்கியமாகத்தான் இருந்தது. எல்லாரும் கடைசி வரை கேட்டார்கள். பிறகு அவள் மகன் வாங்கினான், பிறகு எதிர்வீட்டுக்காரர், பிறகு வெற்றிலை போடுகிற கிழவர், இப்படிப் பத்து வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு தடவை வாங்கி, ஆளுக்கு ஒரு தடவை அதையே சொன்னார்கள். பாதியில் எழுந்து போக யாருக்கும் கால் இல்லாததால், அன்று மத்தியானத்துக்குள் அந்தத் தெருவில் எல்லாரும் அதைப் பத்துத் தடவை ஆதியோடந்தமாகக் கேட்டிருந்தார்கள்.

வெயில் சாய்ந்ததும் முப்பிடாதி கிளம்பினாள். பேச்சியம்மாள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

'மைனி, இன்னும் ரெண்டு நா. திங்கக்கிழமை மத்தியானம் குடுத்துட்டாப் போச்சு. பத்து வீடு நிக்கும்.'

'அந்த மனுசன் எனக்காகப் பொறுப்பேத்திருக்காரு.'

'அவரு யாரு நமக்கு?'

முப்பிடாதி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள், சுவரில் சிவப்பாக நாலு என்று இருந்தது. வைத்துக்கொள்ளலாம் என்றுதான் மனசு சொன்னது, ஒரு தடவை இல்லை, பஸ் ஸ்டாப் போகிறவரை பத்துத் தடவை சொன்னது. யாருமே இல்லாத இடத்தில் தனக்காக ஒருத்தர் 'நான்' என்று சொன்னார், அந்த ஆளைத் தெருவில் நிறுத்திவிட்டுத் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டால் அதற்குள் எப்படிப் படுத்துத் தூங்குவது என்றும் அதே மனசுதான் சொன்னது. அழுதுகொண்டேதான் போனாள், ஆனால் போனாள்.

கடையில் விளக்கு வைக்க இன்னும் கால்மணி நேரம் இருந்தது. ஆவுடையப்பன் முகத்தில் உயிர் வந்தது. ராசி பார்த்துத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

'ராசி எப்படிம்மா?'

முடிச்சு இன்னும் அவிழ்க்கவில்லை. முப்பிடாதி அவருக்கும் பதினோரு வாக்கியத்தையும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். 'ராசி இன்னும் தெரியல அண்ணாச்சி. தெரிஞ்சா வந்து சொல்லுதேன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

திங்கட்கிழமை ஆபீசில் என்றைக்கும் இல்லாத கூட்டம். அதிகாரிக்குப் பன்னிரண்டு மணிக்கு வேறு இடத்தில் ஆலோசனைக் கூட்டம் இருந்தது, போதாததற்கு ஜலதோஷம். அன்றைக்கு ஆளுக்கு ஒரு வாக்கியந்தான் என்று காவலாளி வாசலிலேயே சொல்லிவிட்டார். சொல்லும்போது முப்பிடாதியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. கல்லுக்கட்டித் தெருவிலிருந்து வீட்டுக்கு ஒருத்தராகப் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள், ஆளுக்கொரு மனுவோடு.

முப்பிடாதி முதலில் போனாள். 'ஐயா, கல்லுக்கட்டித் தெருவுல பத்து வீட்டுக்கும் வாய்க்கால் புறம்போக்குன்னு நோட்டீஸ் வந்திருக்கு.'

'சரிம்மா, மனுவைக் குடுங்க. அடுத்து.'

அவள் நகர்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் போய் நின்றாள். அடுத்தது பேச்சியம்மாள். தன் வீட்டைப் பற்றி, தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். சனிக்கிழமை பத்துத் தடவை கேட்டு உள்ளே படிந்திருந்தது எதுவோ அதுதான் வந்தது.

'நாங்க யாரு எடத்தையும் வளைக்கலய்யா.'

'சரி, அடுத்து.'

'எங்க வீட்டுக்கடியில இப்போ வாய்க்கால் இல்ல' என்றார் எதிர்வீட்டுக்காரர்.

'அடுத்து.'

'முன்னால இருந்தது நெசம்' என்றார் நாலாவது ஆள். அதிகாரி, 'நீங்களே ஒத்துக்கிடுதீங்களே' என்று சொல்லிக்கொண்டே மனுவை வாங்கி அடுக்கில் வைத்து, அடுத்து என்றார். அங்கேதான் ஒவ்வொரு தடவையும் முடிந்தது. அன்றைக்கு முடியவில்லை, ஏனென்றால் அடுத்து என்று ஓர் ஆள் இருந்தார்.

'அறுபது வருசத்துக்கு முன்னால ஒரு ஐப்பசி வெள்ளத்துல மேலக்கரை உடைஞ்சு, தண்ணி தானாத் திரும்பிப் பனங்காட்டு வழியாப் போயிருச்சு.'

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வரிசை நகர்ந்தது.

'திரும்புன தண்ணி திரும்புனபடியே இருக்கட்டும், ரெண்டு பக்கமும் கல்லுக் கட்டுங்கன்னு அப்போ இருந்த அதிகாரி சொன்னாரு.'

'அந்தக் கல்லைச் சுமந்தது எங்க தாத்தாமாரு பத்துப் பேரு, அதான் எங்க தெருவுக்கு அந்தப் பேரு.'

'வேலை முடிஞ்சதும், காஞ்சு கெடந்த பழைய வாய்க்காலை மண்ணு போட்டுத் தூத்து அதுல வீடு போட்டுக்கிடுங்கன்னு அவருதான் எடம் குடுத்தாரு.'

'அந்தச் சேதியையும் பத்துப் பேரு பேரையும் புது மதகுல கல்லுல வெட்டி வச்சிருக்கு, தண்ணிக்கு அடியில.'

இப்போது அதிகாரி மனுவுக்குக் கை நீட்டவில்லை. அடுத்து என்றும் சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார். பத்தாவதாக நின்ற வெற்றிலைக் கிழவர் பொக்கை வாயால் சொன்னார், 'மதகு மராமத்துக்குத் தண்ணி அடைக்கிற இருவது நாளுதான் அந்தக் கல்லு வெளிய தெரியும், இன்னைக்குப் பதினெட்டாம் நாளு.'

சொல்லிவிட்டு அவரும் நகர்ந்தார். பத்து வீடு முடிந்துவிட்டது. வாக்கியம் முடியவில்லை. முப்பிடாதி சுவரோரம் நின்று, தான் முன்னே வந்து பேசலாமா, விடுவார்களா என்று தவித்தாள், அவளுக்குரிய ஒரு வாக்கியம் தீர்ந்துபோயிருந்தது.

'அப்புறம்?' என்றார் அதிகாரி. நாலு திங்கட்கிழமையும் அவர் வாயிலிருந்து வராத சொல்.

வரிசையில் பதினோராவது ஆளாக, வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக ஆவுடையப்பன் அண்ணாச்சி நின்றார். கையில் மனு இல்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கடைக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறக்கும் முன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல் இருக்கிற தெற்கு மதகுக்குள் இறங்கிப் பாசியைச் சுரண்டிப் படித்துவிட்டும் வந்திருந்தார், ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லத் தன் நாக்கில் ஒரு சொல் இல்லாமல் போனது வியாழக்கிழமையிலிருந்து அவரைத் தூங்கவிடவில்லை. அவர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். நகைக்கடை வாசலில் போடுகிற அதே ராகத்தைப் போட்டு, ஒரே மூச்சில், ஒரே வாக்கியமாகச் சொன்னார்.

'கல்லுக்கட்டித் தெரு பேச்சிமுத்து, மாடக்கண்ணு, உச்சிமாகாளி, சங்கிலிபூதத்தான், வண்டிமலையான், பொன்னுலிங்கம், கருத்தப்பாண்டி, ஆண்டிச்சாமி, முத்துக்குட்டி, நாலாம் வீட்டுத் தாத்தா கொம்பையா, இவங்க சுமந்த கல்லு இருக்கு, இவங்களுக்குக் குடுத்த எடம் இருக்கு, எழுத்து இருக்கு, ஐயா வந்து பாருங்க.'

தங்கள் தாத்தாக்களின் பேர்களை அப்படி ராகத்தோடு யாரும் சொல்லி அந்தப் பத்து வீட்டுக்காரரும் கேட்டதில்லை. பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையில் பின்னால் நின்ற நூற்றுச் சொச்சம் பேரும் நேரமாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதிகாரி எழுந்தார். பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்குப் போக வைத்திருந்த வண்டியில் ஏறித் தெற்கு மதகுக்குப் போனார், கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார், கல்லில் இருந்ததை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார், கூடப்போன ஆளைப் படமெடுக்கவும் எழுதவும் சொன்னார். புதன்கிழமை மதகு திறந்து தண்ணீர் அந்தக் கல்லை மூடியது. வியாழக்கிழமை இடிக்கிற வண்டி வரவில்லை, சுண்ணாம்பு வாளியோடு இரண்டு பேர் வந்து சிவப்பு நம்பர்களை அழித்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் முப்பிடாதி நவமணியின் படி ஏறினாள், அதே துவைத்த சேலை. ஆவுடையப்பன் கண்ணை மூடித் திறந்து, 'வாங்க, கல்லுக்கட்டித் தெரு நாலாம் வீட்டுக் கொம்பையா பேரன் சம்சாரம், மூக்குத்தி ஒண்ணு, மூணு நாள் ராசி பார்த்தது, சொன்ன நேரத்துக்குத் திருப்பித் தந்தது' என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வாடிக்கைக்காரர்களுக்குப் போடுகிற மெத்தை நாற்காலியில் அவளை உட்கார வைத்து, குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார்.

'இப்போ சொல்லுங்கம்மா. ராசி எப்படி?'

முப்பிடாதி ஒரு வாய் கலர் குடித்துவிட்டு, முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கினாள். முந்தானையில் முடிச்சு எதுவும் இல்லை. முதல் மூக்குத்தி வாங்கிய செண்பகவல்லி, தோடு பார்த்துக்கொண்டிருந்தவள், தோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், விற்கிற பெண்கள் கேட்டார்கள், கலர் கொண்டுவந்தவன் கேட்டான். அவள் ஆறாவது வாக்கியத்தில் இருக்கும்போது சிதம்பரநாதன் உள்ளேயிருந்து வந்து, 'அண்ணாச்சி, அந்த—' என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

ஆவுடையப்பன் திரும்பாமலே கையை உயர்த்தினார். 'முதலாளி, அவங்க இன்னும் சொல்லி முடிக்கல.'